காவலில் உள்ள பிள்ளைக்குப் பணம் அனுப்புதல்: பாதுகாப்பு யாருடைய பொறுப்பு?

பிள்ளை பிடிபட்டான் என்ற செய்தி எட்டிய வீட்டில் முதலில் எழும் கேள்வி “என்ன செய்தான்?” என்பதன்று. “எவ்வளவு பணம் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்?” என்பதே. இக்கேள்வியை அறியாமையின் விளைவென்று படித்தோர் எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அது பட்டறிவின் விளைவு. எந்த அலுவலக வாசலையும் வெறுங்கையோடு மிதித்துப் பழகாத குடும்பம், பிள்ளை அடைபட்டிருக்கும் வாசலையும் அவ்வாறே எதிர்கொள்கிறது. கைபேசியில் பணம் நொடியில் கைமாறும் இக்காலத்தில், தவறான ஆளிடம் அதைச் சேர்ப்பதற்கும் ஒரு நொடியே போதும்.

மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்ளலாம். நடந்தே சுற்றிவிடக்கூடிய அச்சிறு நிலப்பரப்பில் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் தமிழும் புழங்குகின்றன. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் தமிழ் வேர் கொண்டவை. வெல்லிங்டன் தீவைக் கடந்தால் வாத்துருத்தி. தமிழகத்திலிருந்து கூலிவேலைக்கு வந்தோரின் பழைய குடியிருப்பு. இத்தெருக்களில் பிடிபடும் பதினேழு வயதுப் பையனை மட்டாஞ்சேரியின் கிளைச்சிறையில் அடைக்க முடியாது. எந்தச் சிறையிலும், எந்தக் காவல் நிலைய லாக்கப்பிலும் அவனை வைக்கக் கூடாது என்பது சட்டம். அவன் நகரின் மறுகோடியிலுள்ள காக்கநாட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்குச் செல்வான். பதினெட்டைக் கடந்து இருபத்தொன்றைத் தாண்டாதவனுக்கு அப்பக்கத்திலேயே திருக்காக்கரையில் போர்ஸ்டல் பள்ளி உண்டு. மாவட்டச் சிறையும் காக்கநாட்டில்தான். ஒரே திசை, மூன்று வாசல்கள். முதல் வாசலுக்கும் மற்ற இரண்டுக்கும் பணத்தைப் பற்றிய விதி முற்றிலும் வேறு. அவ்வேறுபாட்டை அறியாத தாயிடமிருந்துதான் பணம் பறிபோகிறது.

முதல் வாசலில் விடை எளியது: பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு உள்ளே பணம் தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் உணவு, உடை, படுக்கை, மருத்துவம், கல்வி, சட்ட உதவி ஆகிய அனைத்தையும் நிறுவனத்தின் கடமையாக வைத்திருக்கிறது. பிடிபடும்போது பிள்ளையிடம் இருந்த பணமும் பொருளும் பதிவேட்டில் ஏறிப் பொறுப்பாளரின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். வெளியேறும்போது பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். ஆகவே “உள்ளே சாப்பாட்டுக்கு 5,000 அனுப்புங்கள்”, “நல்ல அறையில் வைக்க 10,000 வேண்டும்” என்று எவர் அழைத்தாலும், அவர் சீருடையில் இருப்பவரே ஆனாலும், அக்கோரிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. இதில் ஐயத்துக்கோ நுட்ப வாதத்துக்கோ வழியே இல்லை.

விடை எளியதாக இருந்தும் அது ஏன் குடும்பங்களைச் சென்றடைவதில்லை? “அனுப்பாதே” என்ற அறிவுரை, பணம் என்பது வெறும் பணம் என்ற எண்ணத்தில் பிறப்பது. சமூகவியலர் விவியானா ஸெலிஸர் 1994இல் வெளியிட்ட நூலில், குடும்பங்கள் பணத்தை ஒரே திரளாகப் பார்ப்பதில்லை. உறவுக்கேற்பப் பிரித்து, பெயரிட்டு, தனித்தனி முடிச்சாக வைக்கின்றன என்று காட்டினார். அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த நோட்டையும், மகளின் சடங்குக்கென்று ஒதுக்கிய நோட்டையும் அறிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது புதிய செய்தியன்று. காவலில் உள்ள மகனுக்கென்று முடிந்துவைக்கும் ஐந்நூறு ரூபாய், அவனைத் தொட முடியாத கையின் நீட்சி. மேகன் கம்ஃபர்ட் 2008இல் வெளியான தம் ஆய்வில், சான் குவென்டின் சிறை வாசலில் காத்துக்கிடந்த பெண்களின் வாழ்வையும் அச்சிறை எவ்வாறு வடிவமைத்தது என்பதை விரிவாக எழுதினார். தண்டனை மதிலுக்கு வெளியிலும் கசிகிறது. அக்கசிவு முதலில் நனைப்பது தாயின் முந்தானை முடிச்சைத்தான். எதையேனும் கொடுத்தாக வேண்டும் என்ற அந்த உந்துதலுக்கு அரசு ஒரு நேர்மையான பாதையைத் திறந்துவைக்காதவரை, மோசடிக்காரன் திறக்கும் பாதையே கண்ணுக்குத் தெரியும்.

மட்டாஞ்சேரிக்கு இடைத்தரகர் என்பவர் புதியவர் அல்லர். துறைமுகத்தில் வேலை கேட்டுக் கூடிய கூட்டத்தின் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை வீசியெறிவான். தள்ளுமுள்ளில் எவன் கையில் வில்லை அகப்படுகிறதோ அவனுக்கே அன்று வேலை. சாப்பா என்று பெயர். அந்த முறைக்கு எதிராகக் கிளர்ந்த தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டதில் மூவர் மாண்டனர். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் 2023இல் அவ்வரலாற்றைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது. சாப்பாவின் கொடுமை கூலிக் குறைவு மட்டுமன்று. உரிமையாக வரவேண்டியது ஒருவனின் கைவீச்சைப் பொறுத்து வந்தது. அதற்குப் பதிவு இல்லை, கணக்கு இல்லை, கேட்க ஆள் இல்லை. இன்று நீதிமன்ற வளாகத் தேநீர்க் கடையில் “உள்ளே ஆளைத் தெரியும்” என்று சொல்லி ரொக்கம் வாங்குபவனும் அதே தொழிலைத்தான் செய்கிறான். அவனுக்கும் மூலதனம் ஒன்றே: உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாதிருத்தல்.

இப்போது அவன் தேநீர்க் கடைக்குக்கூட வரவேண்டியதில்லை. “உங்கள் மகன் போதைப்பொருளோடு பிடிபட்டான், வழக்குப் பதியுமுன் தீர்த்துவிடலாம்” என்ற அழைப்பு நாடெங்கும் பரவியிருக்கிறது. பின்னணியில் அழுகுரல் ஒன்று கேட்கும். அது மகனின் குரலைப் போலவே இருக்கும். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவர், முன்னாள் சக பணியாளரின் முகத்தோடும் குரலோடும் வந்த போலி வீடியோ அழைப்பை நம்பி 40,000 ரூபாயை இழந்தார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கேரளத்தில் நடந்த முதல் மோசடியாக அது பேசப்பட்டது. பழகிய நண்பரின் முகத்தையே போலி செய்ய முடியுமாயின், பதறிய தாயிடம் மகனின் அழுகையைப் போலி செய்வது எம்மாத்திரம்? அழைப்பைத் துண்டிப்பது, மகனின் எண்ணை நேரடியாக அழைப்பது, பெயர் சொல்லப்பட்ட காவல் நிலையத்தின் எண்ணை வேறு வழியில் கண்டறிந்து கேட்பது: இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடியும். அப்பத்து நிமிடத்தைக் கொடுக்காதிருப்பதே மோசடிக்காரனின் முழுத் திறமையும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், அது கணக்கு மாறி மறைவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. அடுத்த நாள் அழைத்தால் அவ்வாய்ப்பு பெரிதும் சுருங்கிவிடும்.

இங்கே பல்கலைக்கழக வட்டங்களுக்கே உரிய ஒரு தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வறிய குடும்பத்துப் பையன் ஒருவன் பிடிபட்டான் என்று அறிந்ததும், நல்லெண்ணம் கொண்ட மாணவர் குழுக்கள் அவன் பெயரையும் படத்தையும் போட்டு, கீழே ஒரு க்யூஆர் கட்டத்தையும் ஒட்டிச் சமூக ஊடகங்களில் நிதி திரட்டத் தொடங்குகின்றன. பதினெட்டு நிறையாத பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்தத் தொடர்பு வடிவிலும் வெளியிடக் கூடாது என்கிறது இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தண்டனையைவிடக் கனமான செய்தி ஒன்றுண்டு. அப்பிள்ளை குற்றம் செய்ததாகவே முடிவானாலும், அத்தீர்ப்பு அவன் வாழ்வில் தகுதியிழப்பாக ஒட்டக் கூடாது என்பதும், உரிய காலத்துக்குப்பின் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும் என்பதும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதே சட்டத்தின் நெறி. நீதிக் குழுமம் அழித்துவிடும் ஆவணத்தை முகநூல் வைத்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் பணத்துக்கு முன்பாக அவ்வீட்டிலிருந்து போய்ச்சேர வேண்டியது வேறொன்று: வயதுச் சான்று. பதினேழா, பத்தொன்பதா என்பதைப் பொறுத்தே காக்கநாட்டில் எந்த வாசல் திறக்கும் என்பது முடிவாகிறது. சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசையைத் தெளிவாக வைத்திருக்கிறது. பள்ளி தந்த பிறந்த நாள் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இவை எவையுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் இப்பிரிவின்படி போதாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று வேறொரு வழக்கில் 2024 அக்டோபரில் சொன்னது. வாத்துருத்தியில் வாழும் தொழிலாளியின் மகனுக்கு இவற்றின் பொருள் என்ன? அவன் சான்றிதழ் தருமபுரியிலோ விழுப்புரத்திலோ ஒரு பள்ளி அலமாரியில் இருக்கிறது. கொச்சியில் யாருக்கோ கொடுக்கும் பத்தாயிரத்தைவிட, ஊருக்குப் பேருந்தேறி அச்சான்றிதழை வாங்கிவர ஆகும் சில நூறு ரூபாய் அவனுக்குப் பன்மடங்கு பயன் தரும். இளையோன் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னும்கூட, எழுப்பலாம் என்பதால், தாமதமாக வந்த சான்றிதழும் வீணாவதில்லை.

பிணையும் இவ்வாசலில் வேறு வகையானது. சிறாருக்குப் பிணை விதி, மறுப்பே விலக்கு. ஆளறிந்த குற்றவாளிகளின் சேர்க்கை, பிள்ளைக்கு நேரக்கூடிய ஆபத்து, நீதியின் நோக்கம் பழுதாதல் ஆகிய காரணங்களாலன்றி மறுக்கக் கூடாது; பிணையாளுடனோ பிணையாள் இன்றியோ விடலாம். பிணை ஆணையின் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற இயலாத பிள்ளையை மீண்டும் குழுமத்தின்முன் நிறுத்தி, நிபந்தனையை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் பிணையாளுக்குக் கொடுத்த குடும்பத்துக்கு இந்த ஏழு நாள் விதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு மாநிலத்துப் பிள்ளையை உரிய விசாரணைக்குப் பின் சொந்த ஊர்ப் பக்கத்து நிறுவனத்துக்கு மாற்றவும் சட்டத்தில் வழியுண்டு. உடன் செல்லும் பணியாளரின் பயணப்படிக்கு மாநில அரசே விதி வகுக்க வேண்டும். “அழைத்துப்போக வண்டிச் செலவு” என்று கேட்பதும் ஆதாரமற்றதே.

இனி மற்ற இரு வாசல்கள். பதினெட்டைக் கடந்தவன் சிறைத்துறையின் பொறுப்பில் இருக்கிறான். இங்கே பணம் சட்டப்படியே உள்ளே செல்லலாம். விசாரணைக் கைதி தன் உணவையும் உடையையும் வெளியிலிருந்து பெறலாம் என்பதை 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே ஒப்புக்கொண்டது. சிறைக்குள் கைதியின் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். குடும்பம் அனுப்பும் தொகை அதில் வரவாகும். சிறை உணவகத்தில் வாங்கும் பொருளின் விலை அதிலிருந்து கழியும். நோட்டு அவன் கைக்கு வராது. இந்த ஏற்பாட்டைக் கைதியின்மீதான அவநம்பிக்கை என்று மட்டும் பார்ப்பது பிழை. கையில் நோட்டு வைத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன், முப்பது வயதுக்காரர்களின் நடுவே எவ்வளவு நேரம் அதை வைத்திருப்பான்? “என் அண்ணனின் எண்ணுக்கு உன் வீட்டிலிருந்து ஜிபே பண்ணச் சொல்” என்ற மிரட்டல் உள்ளே பிறந்து வெளியே பணமாக முடிவது அறியாத செய்தியன்று. அப்போது தாய் அனுப்புவது மகனுக்கான பணமே அன்று, மகனைப் பணயம் வைத்தவனுக்கான கப்பம். அதைக் கட்டத் தொடங்கினால் முடிவில்லை. சிறைக் கண்காணிப்பாளருக்கும், வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் தெரிவிப்பதே வழி. காவலில் இருப்பவர், சிறார், பெண் எவராயினும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம். தேசிய ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

சிறைக்குப் பணம் அனுப்பும் பழைய பாதை மணியார்டர். 1880இல் அஞ்சல் துறையின் கைக்கு வந்த அந்தச் சேவை, 2015இல் பழைய தாள் வடிவத்தை விட்டு மின்னணு வடிவம் கொண்டது. 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கட்டணம் என்ற கணக்கில் 500 ரூபாய் அனுப்ப 25 ரூபாய் ஆகும். கட்டணமில்லாமல் நொடியில் பணம் போகும் காலத்தில் இது வீண்செலவாகத் தோன்றலாம். ஆயினும் அதன் அமைப்பில் ஒரு நுண்ணறிவு இருந்தது. பணம் ஒரு தனி மனிதரின் எண்ணுக்குச் செல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் முகவரிக்குச் சென்றது. அனுப்பியவர் கையில் முத்திரையிட்ட ரசீது நின்றது. அஞ்சலகம் என்ற மூன்றாவது சாட்சி இடையில் இருந்தது. கைதியின் பெயர், தந்தை பெயர், பதிவெண் சரியாக இல்லையேல் பணம் திரும்பிவந்தது. தவறான ஆளிடம் தங்கவில்லை. அதன் மெதுவான நடையே பதற்றத்தில் அனுப்புவதைத் தடுத்தது.

2021 அக்டோபரில் மும்பை ஆர்தர் ரோடு சிறையில் காவலில் இருந்த ஓர் இந்தித் திரை நட்சத்திரத்தின் 23 வயது மகனுக்கு வீட்டிலிருந்து 4,500 ரூபாய் மணியார்டர் வந்தது. கோடீசுவரர் மகனுக்கு நாலாயிரத்து ஐந்நூறா என்று செய்தித்தாள்கள் வியந்தன. (பின்னர் அவ்வழக்கின் குற்றப்பத்திரிகையில் அந்த இளைஞரின் பெயர் இடம்பெறவே இல்லை என்பது அதே அளவு வியப்போடு எழுதப்படவில்லை.) வியப்புக்குரியது தொகையன்று. மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, நடைபாதையில் பிடிபட்டவனுக்கும் நட்சத்திரத்தின் மகனுக்கும் ஒன்றாகவே இருந்தது என்பதே. உச்சவரம்பு உள்ளே ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது. மிரட்டிப் பறிக்கக்கூடிய தொகையையும் குறைக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது மற்றொன்றையும் சொல்கிறது: இதற்கு மேல் கேட்பவன் மகனுக்காகக் கேட்கவில்லை.

மணியார்டரையே கட்டியழ வேண்டும் என்பதன்று வாதம். மூர்ஷிதாபாத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ அனுப்பும் தாய்க்கு இணையவழிப் பாதை ஒரு நாள் கூலியை மிச்சமாக்கும்; சில மாநிலங்களின் சிறைகள் அத்தகைய வழியைத் திறந்தும் உள்ளன. வேண்டுவது பழைய பாதையின் பண்புகள் புதியதில் குன்றாதிருத்தல். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்; அலுவலர் ஒருவரின் கைபேசி எண்ணில் அன்று. ஒவ்வொரு வரவுக்கும் எண்ணிட்ட ரசீது வேண்டும். எஞ்சிய தொகை எவ்வளவு என்பது அனுப்பியவருக்கும் தெரிய வேண்டும். இப்பாதையைத் தனியாரிடம் ஒப்படைக்கும் ஆசை எழுமானால், அமெரிக்காவைப் பார்த்துவிட்டு எழட்டும். அங்கே சிறைக்குப் பணம் அனுப்புவதே தனி வணிகம். விடுதலையாவோரின் சொந்தப் பணத்தைக் கட்டணம் பிடிக்கும் அட்டையில் ஏற்றிக் கொடுத்த ஜேபே நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் நடவடிக்கை எடுத்தது. திருப்பித் தருவதும் தண்டமுமாக 60 லட்சம் டாலர் விதித்தது. கலிபோர்னியாவில் பிள்ளையைக் காவலில் வைத்ததற்கான செலவைப் பெற்றோரிடமே வசூலித்துவந்தனர். அது சட்டப்படி நின்றது 2018 ஜனவரி முதல் நாளில்தான். பாதுகாப்பான பாதை என்பதும் இலாபம் ஈட்டும் பாதை என்பதும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

பெருந்தொகை கைமாறுவது உணவகக் கணக்கில் அன்று, பிணையில். கொச்சியில் இதைப் பேசும்போது வி. ஆர். கிருஷ்ணய்யரைத் தவிர்க்க இயலாது. 1957இன் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். எர்ணாகுளத்தில் வாழ்ந்து 2014இல் மறைந்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1978இல் மோதிராம் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு, ஒரு கொத்தனாரைப் பற்றியது. 10,000 ரூபாய்ப் பிணை கேட்டார் நடுவர். அண்ணனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவர் தந்த பிணையையும் மறுத்தார். தீர்ப்பு அவரை 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் விடுவித்தது; ஊர் வேறு, மொழி வேறு என்று பிணையாளை மறுப்பது ஒரே நாட்டின் குடிமக்களிடையே பாகுபாடு என்றும் கண்டது. நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னும், சொந்த ஊரில் உள்ள நிலப் பத்திரத்தைக் காட்டும் தமிழ்த் தொழிலாளியிடம் “உள்ளூர் ஆள் வேண்டும்” என்று சொல்லப்படும்போது, உள்ளூர் ஆளை வாடகைக்குத் தரும் தரகன் அருகிலேயே நிற்கிறான்.

ஒன்றிய அரசு 2023இல் வறிய கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. பிணைத்தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டத்தொகை கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் மாவட்ட அளவிலான குழு வழியாகக் கிடைக்கும் என்றது 2023இன் அவ்வறிவிப்பு. அத்தொகை கைதியின் கைக்கோ குடும்பத்தின் கைக்கோ வருவதில்லை, நீதிமன்றத்துக்கே செல்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பிணை கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் அதைக் கட்ட இயலாதோரின் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் தாமாகவே மறுபார்வை செய்யலாம் என்றது. ஏழு நாள், ஒரு மாதம், பிணைத்தொகைக்கான உதவி: மூன்றும் எழுத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரியின் எந்தத் தெருவில் எத்தனை பேர் அவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பதே வினா. சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆய்வேட்டில் இத்திட்டத்தை மதிப்பிடுவதற்கு முன், வேளியிலும் வாத்துருத்தியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் சொல்லிவருவது குறைந்த உழைப்பில் முடியக்கூடியது.

அதற்கும் முன்னதாக ஒரு பலகை. காவல் நிலையத்திலும் நீதிக் குழுமத்தின் முன்றிலிலும் சிறையின் மனுப் பார்க்கும் வாசலிலும், இங்கு பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பணம் தேவையில்லை, பதினெட்டைக் கடந்தவருக்குப் பணம் அனுப்பும் ஒரே கணக்கு இது, மாத உச்சவரம்பு இவ்வளவு, ரசீது பெறாமல் எவரிடமும் கொடுக்க வேண்டாம், கேட்டால் முறையிட வேண்டிய எண் இது என்று அங்கே புழங்கும் மொழிகளில் எழுதிவைக்கும் பலகை. விடுதலைச் சுதந்திரத்தை இழந்த இளையோருக்கான ஐ.நா. விதிகள் 1990லேயே பணத்தையும் பொருளையும் பட்டியலிட்டு, பிள்ளையின் கையொப்பம் பெற்று, பாதுகாத்து, வெளியேறும்போது திருப்பித் தர வேண்டும் என்றன. அப்பலகைக்குப் பெயிண்டும் தகரமும் தவிர வேறு செலவில்லை. அது இல்லாத ஒவ்வொரு வாசலிலும் தரகன் பிழைக்கிறான் என்பதால், அதை எழுதிவைப்பதைப் பெற்றோரின் விழிப்புணர்வோடு சேர்த்து எண்ணாமல் நிறுவனத்தின் கணக்குப் பொறுப்போடு சேர்த்தே எண்ண வேண்டும். கணக்காய்வில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

பழைய மணியார்டர் தாளின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. “உடம்பைப் பார்த்துக்கொள்” என்பதற்கு அது போதும். மின்னணு வடிவத்தில் முன்கூட்டியே வகுத்த வாழ்த்துகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மகன் காவலில் இருக்கும்போது சொல்லத்தக்க வாசகத்தை அப்பட்டியலை வகுத்தவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. இளஞ்சிறார் இல்லங்களுக்கான மாதிரி விதிகளில் இதற்கோர் ஈடு கிடக்கிறது. பிள்ளைக்கு வரும் கடிதத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அவன் எழுதும் கடிதத்துக்கும் இல்லை. மாதம் ஒன்றேனும் வீட்டுக்கு எழுதுகிறானா என்பதைப் பொறுப்பாளர் பார்க்க வேண்டும்; அதற்கான அஞ்சல்தலையை இல்லமே தர வேண்டும்.